நாணயத்தைப் படம் எடுப்பது எப்படி: வெளிச்சம் முதலில், கேமரா அப்புறம்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.

பாட்டியோட சுருக்குப் பை, தாத்தாவோட டிரங்குப் பெட்டி, பூஜை அலமாரியில் இருக்கிற டப்பா. பெரும்பாலான வீடுகள்ல எங்கேயாவது நாலு பழைய காசு கிடக்கும். அதில் ஒண்ணை எடுத்து, டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து, போன்ல ஒரு படம் எடுத்துப் பாருங்க. கையில் இருக்கும்போது அழகா தெரிந்த காசு, படத்தில் மங்கலான ஒரு வட்டமா இருக்கும். நடுவில் வெள்ளையா ஒரு திட்டு. ஓரத்தில் போனோட நிழல். எழுத்து இருக்கிறது தெரியும், ஆனா படிக்க முடியாது.

உடனே தோணுறது, "நல்ல கேமரா வேணும்." அடுத்து தோணுறது அதைவிட ஆபத்து: "காசு அழுக்கா இருக்கு, புளி போட்டுத் தேய்ச்சுட்டு எடுப்போம்." இன்றைய எபிசோடு இந்த இரண்டு யோசனைக்கும் எதிரானது. காசை மாற்ற வேண்டாம். கேமராவையும் உடனே மாற்ற வேண்டாம். லைட் இருக்கிற இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்க.

இது ஏன் முக்கியம்னா, காசோட படம் வெறும் அழகுக்காக எடுக்கிறது இல்லை. அது ஒரு சாட்சி. காசை நேரில் பார்க்காத ஒருத்தர், அந்தப் படத்தை மட்டும் வைத்து இது எந்தக் காலத்தது, அசலா போலியா, யாராவது தேய்த்திருக்காங்களா என்று முடிவு பண்ணப் போகிறார். படம் தப்பாக இருந்தால் முடிவும் தப்பாகும். ஒரு முறை தேய்த்த காசைப் பழையபடி ஆக்கவும் முடியாது.

இன்றைக்கு மூணு காசை வைத்துப் பேசலாம். ராஜராஜன் பெயர் பொறித்த ஒரு செப்புக் காசு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய், நேற்று டீக்கடையில் சில்லறையா வாங்கின மாதிரி ஒரு புது 10 ரூபாய் நாணயம். மூணுக்கும் ஒரே லைட் போட்டால், இரண்டு படமாவது வீணாகும்.

காசு என்பது மேடு பள்ளம் உள்ள கண்ணாடி

துணி, இலை, முகம் இதிலெல்லாம் வெளிச்சம் பட்டால் எல்லாத் திசையிலும் சிதறும். எங்கிருந்து பார்த்தாலும் ஓரளவு ஒரே மாதிரி தெரியும். பளபளப்பான உலோகம் அப்படி இல்லை. வெளிச்சம் எந்தக் கோணத்தில் வருகிறதோ, அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் போய்விடும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான்.

இப்போ காசை மேஜையில் வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்துறோம். லைட் பக்கவாட்டில் இருக்கிறது. காசில் உருவமோ எழுத்தோ இல்லாத சமமான இடத்தைத் தளம்னு சொல்லலாம். தளத்தில் பட்ட வெளிச்சம் எதிர்ப்பக்கம் ஓடிவிடும், லென்ஸுக்கு வராது. அதனால் தளம் இருட்டா தெரியும். மூக்கு, கன்னம், எழுத்தோட ஓரம் போன்ற சரிவுகளில் பட்ட வெளிச்சம் மட்டும் திசை மாறி லென்ஸுக்குள் வரும். அவை மின்னும்.

எந்தச் சரிவு மின்னும் என்பதை முடிவு செய்வது லைட்டோட உயரம். லைட் மேஜையிலிருந்து 60 டிகிரி உயரத்தில் இருந்தால், 15 டிகிரி சாய்ந்த மென்மையான சரிவுகூட அதை நேரா லென்ஸுக்கு அனுப்பும். அதையே 20 டிகிரிக்கு இறக்கினால், 35 டிகிரி சாய்ந்த செங்குத்தான ஓரங்களால் மட்டும்தான் அனுப்ப முடியும். முகம் இருண்டு, ஓரக்கோடு மட்டும் மின்னும். அதனால்தான் பளபளப்பான காசுக்கு லைட் உயரமா இருக்கணும். மங்கலான காசுக்குக் கணக்கு வேறு. அதற்கு வருகிறேன்.

லைட்டுக்குக் கடிகார மணி

நாணயம் எடுக்கிறவங்க லைட் இருக்கிற இடத்தைக் கடிகார மணியில்தான் சொல்வாங்க. காசில் இருக்கிற தலையோட உச்சி 12 மணி. கழுத்துப் பக்கம் 6 மணி. "10 மணியிலும் 2 மணியிலும் லைட் வை" என்றால் மேல்பக்கம் இடதும் வலதுமா ஒவ்வொன்று.

இதைப் புரிந்துகொள்ள கேமராவே வேண்டாம். இன்றைக்கு ராத்திரி ரூம் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு காசை மேஜையில் வைங்க. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பாருங்க. இப்போ உங்க கண்தான் லென்ஸ். இன்னொரு கையில் டார்ச். 12 மணியில் ஆரம்பித்து மெதுவா ஒரு சுற்று சுற்றுங்க. உயரத்தையும் ஏற்றி இறக்குங்க. ஒரே காசு பத்துக் காசா மாறும். எந்த இடத்தில் முகம் உயிரோடு தெரிகிறதோ, அந்த மணியையும் உயரத்தையும் குறித்து வைங்க. பாதி வேலை முடிந்தது.

6 மணிக்கு வரும்போது ஒரு வேடிக்கை நடக்கும். புடைத்திருக்கிற முகம் சட்டென்று குழிந்த மாதிரி தெரியும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று நம்ம மூளை எடுத்துக்கொள்கிறது. சூரியன் பழக்கிய பழக்கம் அது. கீழிருந்து வெளிச்சம் வந்தால் மேட்டைப் பள்ளம் என்று படிக்கிறது. காசுப் படத்தில் இது விளையாட்டு இல்லை. ஒரு எழுத்து புடைத்திருக்கிறதா, யாரோ பின்னால் குடைந்து சேர்த்ததா என்று பார்க்கிறவருக்கு, 6 மணி லைட் பொய் சொல்லும். அதனால் முக்கியமான லைட் எப்போதும் மேல்பாதியில், 9 மணிக்கும் 3 மணிக்கும் இடையில்.

முதல் காசு: செம்பு, களிம்பு, தேய்மானம்

ராஜராஜன் பெயரில் வந்த செப்புக் காசு சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஒரு பக்கம் நிற்கிற உருவம், இன்னொரு பக்கம் உட்கார்ந்த உருவம், அதன் பக்கத்தில் நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ". இதே அமைப்பில் பின்னாளில் இலங்கையின் பொலன்னறுவை அரசர்களும் காசு வெளியிட்டாங்க. பராக்கிரமபாகுவின் காசு இருக்கிறது. லீலாவதி என்ற அரசியின் காசும் இருக்கிறது. உருவங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. காசு யாருடையது என்று சொல்வது அந்த நாலைந்து எழுத்து மட்டும்தான். அந்த எழுத்து படத்தில் விழவில்லை என்றால், சோழனா லீலாவதியா என்றே தெரியாது.

களிம்பு படர்ந்த செம்பு கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளாது. அதன் மேற்பரப்பு மங்கல், வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இங்கேதான் லைட்டைக் கீழே இறக்கணும். மங்கலான பரப்பில் ஒரு சின்னச் சரிவு எவ்வளவு வித்தியாசமா தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லைட் 60 டிகிரியில் இருந்தால், லைட்டை நோக்கி 5 டிகிரி சாய்ந்த இடம் சமதளத்தைவிட சுமார் 5 சதவீதம்தான் கூடுதல் வெளிச்சமா இருக்கும். கண்ணுக்கே தெரியாது. லைட்டை 20 டிகிரிக்கு இறக்கினால் அதே சரிவு சுமார் 24 சதவீதம் கூடுதல் வெளிச்சம் வாங்கும். தேய்ந்துபோன எழுத்து அப்போது எழுந்து நிற்கும். சாயங்கால வெயிலில் சாலையோட மேடு பள்ளம் எல்லாம் தெரிகிற மாதிரி.

ஆனால் ஒரே ஒரு சாய்வு லைட் போதாது. லைட் வருகிற திசையிலேயே ஓடுகிற கோடு மறைந்துவிடும். 12 மணியில் லைட் இருந்தால் எழுத்தோட செங்குத்துக் கோடு காணாமல் போகும். 9 மணியில் இருந்தால் படுக்கைக் கோடு போய்விடும். அதனால் காசையும் கேமராவையும் அசைக்காமல், லைட்டை மட்டும் நகர்த்தி எட்டுத் திசையில் எட்டுப் படம் எடுங்க. எட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எழுத்து தானாகப் பிடிபடும். எழுத்து தேடும்போது 6 மணிப் பக்கத்துப் படமும் உதவும். ஆனால் அடுத்தவருக்கு அனுப்பும் படமா அதை வைக்க வேண்டாம்.

இந்த யோசனையின் பெரிய வடிவத்தை எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவர் கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்டாங்க. பல திசை வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சேர்த்து, கம்ப்யூட்டர் திரையில் லைட்டை நாமே நகர்த்திப் பார்க்கிற முறை அது. அருங்காட்சியகங்களும் கல்வெட்டு ஆய்வாளர்களும் இன்று பயன்படுத்துறாங்க. நம்ம எட்டுப் படம் அதோட ஏழை அண்ணன்.

புளி விஷயத்துக்கு வருவோம். செம்பின் மேல் பல நூறு வருஷமாகப் படிந்த மேல்தோலில்தான் எழுத்தின் மிச்சமும் இருக்கிறது. புளியோ, எலுமிச்சையோ, பாத்திரம் தேய்க்கிற பவுடரோ அந்தத் தோலைக் கரைத்துவிடும். காசு பளபளக்கும், எழுத்து போய்விடும், மதிப்பும் போய்விடும். தேய்த்துத் தெரிய வைக்கணும் என்று நினைக்கிற எழுத்தை, பெரும்பாலும் 20 டிகிரி லைட்டே தெரிய வைத்துவிடும். காசுக்கு ஒண்ணும் ஆகாது.

இரண்டாவது காசு: வெள்ளி ரூபாய்

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ஒரு சுவையான கதை இருக்கிறது. 1911-ல் வந்த முதல் ரூபாயில், அரசரோட மேலங்கியில் குட்டியா ஒரு யானை. தும்பிக்கை குட்டையா இருந்ததால் அது பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 1912 ரூபாயில் யானையைத் திருத்திப் போட்டாங்க. சேகரிப்பாளர்கள் 1911 காசை இன்றும் பன்றி ரூபாய் என்றுதான் சொல்வாங்க. சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு யானையோட மூக்கு ஒரு அரசாங்கத்தையே அச்சை மாற்ற வைத்தது. அந்த மூக்கு உங்க படத்தில் தெளிவா தெரியணுமா இல்லையா?

வெள்ளி நன்றாக மின்னும். அதனால் லைட் உயரமா, 60 முதல் 70 டிகிரியில், 10 மணியிலும் 2 மணியிலும் வைத்து ஆரம்பிங்க. இரண்டும் ஒரே பலத்தில் இருந்தால் முகம் தட்டையாகும். ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைங்க. இரண்டாவது லைட் இல்லையா? சினிமா ஷூட்டிங்கில் லைட்மேன் தெர்மாகோல் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அதே வேலைதான். உள்ளங்கை அளவு தெர்மாகோல் துண்டை எதிர்ப்பக்கம் நிறுத்தினால் நிழல் இளகும்.

இங்கே ஒரு முக்கியமான முடிவு எடுக்கணும். லைட்டுக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்டி மென்மையாக்கலாமா, வேண்டாமா?

புழக்கத்துக்கே போகாத வெள்ளிக் காசை விரல் நுனியில் பிடித்துச் சாய்த்தால், வண்டிச் சக்கர ஆரங்கள் மாதிரி ஒளி சுற்றி வரும். அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடியிருக்கும். அந்த ஓட்டத்தின் நுண்ணிய கோடுகள்தான் இப்படி மின்னுகின்றன. காசு புழங்கப் புழங்க முதலில் அழிவதும் அதுதான். தேய்த்தாலும் அதுதான் போகும். அதனால் அந்தச் சக்கர ஒளி காசோட நிலையைச் சொல்லும் சாட்சி. பட்டர் பேப்பர் போட்டால் அது அணைந்துவிடும். ஒளி உள்ள காசுக்கு மூடாத சின்ன லைட் நல்லது. புழங்கித் தேய்ந்த காசுக்கு பட்டர் பேப்பர் நல்லது.

இதோட மறுபக்கமும் இருக்கிறது. மென்மையான லைட் கீறலை மறைக்கும். துணியால் துடைத்த காசில் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் ஓடும். சுற்றிலும் மென்மையா லைட் போட்டால் அவை படத்தில் காணாமல் போகும். விற்கிறவர் தெரிந்தே இப்படி எடுப்பதும் உண்டு. நீங்க வாங்குறவரா இருந்தால், "மூடாத லைட்டில் இன்னொரு படம் அனுப்புங்க" என்று கேளுங்க. கேட்பது உங்க உரிமை.

மூன்றாவது காசு: பளபளக்கும் புதுசு

புது 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். வெளிவளையம் தங்க நிறம், நடு வெள்ளை நிறம். இதில் தேட வேண்டியது ஆண்டுக்கு அடியில் இருக்கிற அச்சகக் குறி. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. சுமாரான படத்தில் வைரமும் புள்ளியும் ஒன்றுதான். சேகரிக்கிறவங்களுக்கு அது இரண்டு வேறு காசு.

புதுக் காசு உண்மையிலேயே கண்ணாடி. லென்ஸ், கை, ஜன்னல், மேலே சுற்றுகிற ஃபேன் எல்லாம் அதில் தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுங்க. லென்ஸுக்கும் காசுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்வில் அதை நிறுத்துங்க. லைட்டைப் பக்கவாட்டில் இருந்து கண்ணாடி மேல் அடிங்க. கொஞ்சம் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர் கீழே காசுக்குப் போகும். காசில் பட்டு நேர் மேலே திரும்பி, கண்ணாடி வழியாகவே லென்ஸுக்கு வரும். லென்ஸ் இருக்கிற இடத்திலிருந்தே வெளிச்சம் வந்த மாதிரி. இப்போ எல்லாம் தலைகீழ்: தளம் பிரகாசமாகும், சரிவுகள் கறுப்பாகும், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதின மாதிரி எழுத்து தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு அட்டை வைக்க மறக்காதீங்க. இல்லையென்றால் எதிர்ச்சுவர் படத்தில் வந்து உட்காரும்.

கண்ணாடித் தளமும் பனி படர்ந்த மாதிரி உருவமும் உள்ள ப்ரூஃப் நாணயங்களுக்கு எதிர் வழி. நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை லென்ஸில் மாட்டுங்க. தளத்தில் அந்தக் கறுப்பு தெரியும். பக்கத்திலிருந்து வரும் லைட்டில் உருவம் மட்டும் வெள்ளையா எழும்.

இப்போ கேமரா

லைட் சரியாக இருந்தால் கேமரா செட்டிங் பத்து நிமிஷ வேலை.

முதலில் கேமரா காசுக்கு நேர் செங்குத்தா இருக்கணும். நெருக்கத்தில் ஃபோகஸ் ஆழம் ரொம்பக் குறைவு. ஏபிஎஸ்-சி சென்சாரில் 27 மில்லிமீட்டர் காசை ஃப்ரேம் நிறைய எடுத்து எஃப்/8 வைத்தால், கூர்மையா தெரிகிற ஆழம் கறாராகக் கணக்கிட்டால் சுமார் 0.7 மில்லிமீட்டர். கேமரா வெறும் 2 டிகிரி சாய்ந்தாலே காசோட இரண்டு ஓரத்துக்கும் 0.9 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒரு ஓரம் கண்டிப்பாக மங்கும். இதைச் சரிசெய்ய, காசு வைக்கப் போகிற இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைங்க. கேமரா திரையில் லென்ஸ் தன்னையே பார்க்கும். அந்தப் பிம்பம் ஃப்ரேமுக்கு நட்டநடுவில் வரும்வரை சரிசெய்யுங்க. அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டுக் காசை வைங்க.

அபெர்ச்சர்: "ஆழம் வேணும், எஃப்/22 வை" என்று தோணும். வேண்டாம். நெருங்க நெருங்க லென்ஸோட உண்மையான எண் ஏறிக்கொண்டே போகும். 1:1 அளவில் எஃப்/8 வைத்தால் அது எஃப்/16 போல வேலை செய்யும். சில கேமராக்கள் இதைச் சேர்த்தே காட்டும், பல காட்டாது. அந்த அளவைத் தாண்டினால் ஒளி சின்னத் துளையில் விலகிப் பரவி, படம் முழுக்க மென்மையாகிவிடும். எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை போதும். ஃபுல் ஃபிரேம் என்றால் எஃப்/11 வரை போகலாம். காசோட புடைப்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. செங்குத்தா இருந்தால் ஆழம் தாராளம்.

ஐஎஸ்ஓ 100. காசு ஓடப் போவதில்லை, அதனால் ஷட்டரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். ஆனால் ஒரு விஷயம்: நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையா கோடு விழும். 1/50 நொடியோ அதைவிட மெதுவாகவோ வைங்க. டிரைபாட், 2 நொடி டைமர், டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷன் அணைப்பு. ஃபோகஸை மேனுவலில் போட்டு, திரையில் பெரிதாக்கி, ஆண்டிலோ எழுத்திலோ பிடிங்க.

எக்ஸ்போஷரும் மேனுவல்தான். கறுப்புத் துணியில் காசை வைத்தால் கேமரா "ஐயோ இருட்டு" என்று நினைத்துக் காசை வெளுக்கடித்துவிடும். வெள்ளைத் தாளில் வைத்தால் காசைக் கருக்கிவிடும். ஹிஸ்டோகிராம் பாருங்க. மின்னுகிற ஒன்றிரண்டு புள்ளி வெளுக்கலாம், முகமே வெளுக்கக் கூடாது. ரா ஃபைலா எடுங்க.

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட வேண்டாம். ஃப்ரேம் முழுக்கச் செம்பு இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று நினைத்துக் கேமரா நீலத்தைக் கலக்கும். உங்க செம்பு பித்தளையாகும். ஒரு கிரே கார்டை அதே லைட்டில் வைத்து ஒரு தடவை அளந்து பூட்டிவிடுங்க. ரூம் டியூப்லைட்டை அணைங்க, ஜன்னல் திரையை மூடுங்க. இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. எல்இடி வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்க. அது குறைந்த விளக்கில் பெரும்பாலும் செம்பின் சிவப்பு செத்துப் போகும்.

கடைசியா, காசை நேரடியாகத் துணி மேல் வைக்காதீங்க. காசைவிடச் சின்ன ஒரு பிளாஸ்டிக் மூடி மேல் வைத்து உயர்த்துங்க. நிழல் ஃப்ரேமுக்கு வெளியே போகும், பின்னணித் தூசியும் மங்கிவிடும். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்க. தூசியைக் கையால் அழுத்துகிற ரப்பர் ஊதியால் ஊதுங்க. வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்துக் கறையாகும்.

போன் மட்டும் இருந்தால்

தாராளமா எடுக்கலாம். இரண்டு அடுக்குப் புத்தகம், நடுவில் பாலம் மாதிரி போன், லென்ஸ் இடைவெளியில் எட்டிப் பார்க்கணும். கிட்டே போகாதீங்க. பல போன்களோட மேக்ரோ மோட், காசுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கத்தில் போகச் சொல்லும். அங்கே போனோட நிழலே லைட்டை அடைத்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்று, மெயின் கேமராவில் 2 மடங்கு வைத்து எடுங்க. திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்க. ஃப்ளாஷ் வேண்டாம், 3 நொடி டைமர் வேண்டும். ஏஐ அழகூட்டலை அணைங்க. இல்லாத எழுத்துக்கு அது ஓரம் வரைந்து கொடுத்துவிடும்.

நேயர்கள் அனுப்பிய கேள்விகள்

"ரீல்ஸ் எடுக்கிற ரிங் லைட் இருக்கு, போதுமா?" முகத்துக்கு நல்லது, காசுக்கு இல்லை. எல்லாப் பக்கமும் வெளிச்சம் வந்தால் நிழலே இருக்காது, நிழல் இல்லாமல் புடைப்பு தெரியாது. பளபளப்பான காசில் அந்த வளையமே பிம்பமா விழும். வேறு வழி இல்லையென்றால் வளையத்தில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேல்பாதியை மட்டும் பயன்படுத்துங்க.

"எடிட்டிங் எதுவரைக்கும் பண்ணலாம்?" நிமிர்த்தலாம், வெட்டலாம், எக்ஸ்போஷரைச் சரிபண்ணலாம், லேசாக ஷார்ப் பண்ணலாம். நிறத்தைக் கூட்டக் கூடாது, கறையை அழிக்கக் கூடாது. ஒரு சின்னச் சோதனை: படத்தையும் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருத்தர் ஏமாந்ததாக நினைப்பாரா? நினைப்பார் என்றால் எடிட்டைத் திருப்பிடுங்க. பூவும் தலையும் ஒரே லைட்டில், ஒரே அளவில் இருக்கணும்.

"பழைய 5 ரூபாய் படம் போட்டால் லட்சக்கணக்கில் கிடைக்குமாமே?" ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. தங்கள் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்க விற்கக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறாங்க, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னது. உங்க காசை வாங்க உங்களிடமே யாராவது பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திடுங்க. நல்ல படம் காசோட விலையை ஏற்றாது. அது என்ன காசு என்பதைச் சரியாகச் சொல்லும். ஏமாறாமல் இருக்க அது போதும்.

இந்த வாரம் செய்ய ஒரே ஒரு வேலை. வீட்டில் கிடக்கிற ஒரு காசு, ஒரே கேமரா, ஒரே செட்டிங். லைட்டை மட்டும் நகர்த்தி இரண்டு படம் எடுங்க: ஒன்று 60 டிகிரியில், இன்னொன்று 20 டிகிரியில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எந்தப் படத்தில் எந்த எழுத்து படிக்க வந்தது என்று எழுதி அனுப்புங்க. காசைக் கழுவாமல். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.